கிடத்தலும் கிடத்துதலும்: கதிர்ச் சிகிச்சையில் உடலை அசையாது வைப்பது பற்றி

தரம் 10 மாணவிகளுக்குத் தன்வினை, பிறவினை படிப்பிக்கும்போது நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணங்களுள் ஒன்று 'கிடந்தாள் – கிடத்தினாள்'. தானே செய்வது தன்வினை, பிறரைச் செய்விப்பது பிறவினை. இருபது வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது, என் ராத்தாவோடு கதிர்ச் சிகிச்சைக்குப் போய்வந்த நாட்களில்தான் விளங்கியது.

ராத்தாவுக்கு வயது 54. இடது மார்பில் கட்டி. சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் முடிந்த பிறகு, "இனிக் கதிர்ச் சிகிச்சை, 15 நாள்" என்று டொக்டர் எழுதித் தந்தார். எங்கள் கிழக்குப் பக்கத்தில் சிலர் அதைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார்கள். வருத்தத்தின் பெயரை வாயால் சொல்வதேயில்லை. 'அந்த வருத்தம்' என்பதோடு சரி. பெயர் சொல்லவே பயப்படுகிற வருத்தத்துக்கு என்ன வைத்தியம் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கேட்பதற்கு யாருக்குத் துணிவு வரும்? நாங்களும் ஒன்றும் கேட்காமலேயே இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனோம்.

முதல் நாள் சிகிச்சை இல்லை, ஸ்கேன் மட்டும். ராத்தாவை ஒரு சரிவான பலகையில் படுக்க வைத்து, கைகள் இரண்டையும் தலைக்கு மேலே உயர்த்தி வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சிலும் இரண்டு விலாவிலும் பேனாவால் கோடு கீறினார்கள். நிரந்தரமாக மூன்று சின்னப் புள்ளி குத்தட்டுமா என்று கேட்டதற்கு ராத்தா தலையாட்டி மறுத்துவிட்டார். பச்சை குத்துவது ஹராம் என்பது அவருடைய எண்ணம். அப்படியானால் கோடு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ராத்தா குளித்தார். மை இருந்தால் தண்ணீர் தோலில் படாது, குளிப்பு நிறைவேறாது, தொழுகை கூடாது என்று நினைத்து, சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டார். சிகிச்சை தொடங்க வேண்டிய திங்கட்கிழமை மேசையில் படுத்தபோது உடம்பில் ஒரு கோடும் இல்லை. "கழுவிப்போட்டன் தங்கச்சி, தொழுகைய விடேலுமா?" என்று என் முகத்தைப் பார்த்து அழுதார். அன்று சிகிச்சை நடக்கவில்லை. ஸ்கேனை மறுபடி எடுத்து, கணக்கை மறுபடி போட்டு, ஒரு வாரம் தள்ளிப் போயிற்று.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கோடு எதற்கு என்று ராத்தாவுக்கும் தெரியாது, பட்டம் படித்த எனக்கும் தெரியாது. அந்த ஒரு வாரத்திலும் பிறகும் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதைத்தான் இங்கே தருகிறேன். "எழுது புள்ள, நம்மட பொம்புளையளுக்கும் தெரியட்டும்" என்று சொன்னவர் ராத்தாதான்.

கதிருக்குக் கண் இல்லை

1895ஆம் ஆண்டு ஜெர்மனியில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே அதைப் புற்றுநோயாளர்மீது பயன்படுத்திப் பார்த்தவர்கள் உண்டு. அக்காலக் கதிர்களுக்கு வலு குறைவு. உள்ளே போகுமுன் தோலைச் சுட்டுவிடும். 1951இல் கனடாவில் கோபால்ட் சிகிச்சையும், 1953இல் லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் நேர்கோட்டு முடுக்கி என்னும் இயந்திரத்தின் மூலமான சிகிச்சையும் தொடங்கிய பிறகே ஆழத்துக்குப் போகும் கதிர்கள் கைக்கு வந்தன. இன்று பரவலாகப் பாவிக்கப்படும் 6 மெகாவோல்ற்று கதிரின் உச்ச அளவு தோலில் விழுவதில்லை. தோலுக்குக் கீழே ஏறக்குறைய 1.5 சென்ரிமீற்றர் ஆழத்தில்தான் விழுகிறது.

வலு வந்த பிறகு குறி பற்றிய கேள்வி பெரிதாயிற்று. எது கட்டி, எது இதயம், எது சுவாசப்பை என்று கதிருக்குத் தெரியாது. காட்டிய இடத்தில் விழும், அவ்வளவுதான். இடது மார்புக்குப் பின்னால் சுவாசப்பையும் இதயமும் இருக்கின்றன. மார்புப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற பெண்களை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இதயம் பெறும் சராசரி அளவு 1 கிரே கூடும்போது பெரிய இதய நோய் நிகழ்வுகளின் வீதம் 7.4 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. கிரே என்பது உடல் உறிஞ்சும் கதிரின் அலகு.

ராத்தாவுக்கு எழுதப்பட்டது 40 கிரே, 15 பங்காக. ஒரே நாளில் கொடுத்தால் நல்ல கலங்களும் தாங்கா. பங்கிட்டுக் கொடுக்கும்போது இடைவேளையில் நல்ல கலங்கள் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. புற்றுநோய்க் கலங்களுக்கு அந்தத் திறன் பொதுவாகக் குறைவு. ஆனால் பங்கிடுவதற்கு ஒரு விலை உண்டு. அதே உடம்பு, அதே மேசையில், அதே கிடையில் 15 தடவை கிடக்க வேண்டும். மனித உடம்பு சீமெந்துக் கல் அல்லவே!

அது முழுச் சரியாக அமையாது என்பது தெரிந்ததால், சிகிச்சைக்குரிய பகுதியைச் சுற்றி ஓர் ஓரம் விட்டே திட்டம் போடுகிறார்கள். கதிர்வீச்சு அலகுகளுக்கான சர்வதேச ஆணையம் 1993இல் வெளியிட்ட 50ஆம் அறிக்கை இந்த ஓரத்துக்கு முறையான வரையறை தந்தது. விளங்குவதற்கு ஒரு சின்னக் கணக்கு. 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையான கட்டியின் கனவளவு சுமார் 33 கனசென்ரிமீற்றர். சுற்றிவர 5 மில்லிமீற்றர் ஓரம் விட்டால் அது 65 ஆகும். 10 மில்லிமீற்றர் விட்டால் 113. கட்டி வளரவில்லை, நம் உடம்பு அசையும் என்ற பயத்துக்காகவே இத்தனை நல்ல தசை கதிருக்குள் சேர்கிறது. அசைவைக் குறைத்தால் ஓரத்தைக் குறைக்கலாம். உடலை அசையாது வைக்கும் ஏற்பாடுகள் எல்லாம் இதற்காகத்தான்.

தலையைவிட உடம்பு ஏன் கடினம்

தலைக்குச் சிகிச்சை என்றால் வலைபோன்ற ஒரு பிளாஸ்ரிக் முகமூடி செய்கிறார்கள். சூடான நீரில் இட்டால் இளகும், முகத்தின்மேல் விரித்தால் அதன் வடிவம் எடுத்து இறுகும். மண்டையோடு கெட்டியானது, தோலுக்கும் எலும்புக்கும் இடையே தசை குறைவு. ஆகவே முகமூடி பிடித்தால் தலை நிற்கும்.

நெஞ்சும் வயிறும் இடுப்பும் அப்படியல்ல. தோல் எலும்பின்மேல் வழுக்கும். கொழுப்பு ஒரு நாள் ஒரு பக்கமாகச் சரியும். மூச்சோடு நெஞ்சு ஏறி இறங்கும். சுவாசப்பையின் அடிப்பகுதியிலுள்ள கட்டி ஒரு மூச்சுக்குள்ளேயே 1 சென்ரிமீற்றருக்கு மேலும் நகரலாம். கையை உயர்த்தும் விதம் மாறினால் மார்பின் வடிவமே மாறும். இங்கே ஒரு மூடியை மாட்டிப் பூட்டுவதால் மட்டும் காரியம் ஆகாது. உடம்பு வசதியாகத் தங்கும்படி கீழிருந்து தாங்க வேண்டும்.

மார்புச் சிகிச்சைக்குரிய சரிவுப் பலகை அப்படி ஒரு தாங்கல். நம் நெஞ்செலும்பு இயல்பில் கழுத்துப் பக்கம் தாழ்ந்திருக்கும். பலகையைச் சாய்த்தால் அது மேசைக்குச் சமாந்தரமாக வரும், மார்பும் கழுத்துப் பக்கம் சரியாது. தலைக்கும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் தாங்கிகள் உண்டு. சாய்ந்த பலகையில் கீழே வழுக்காதிருக்க ஒரு தடுப்பும் முழங்காலுக்குக் கீழே ஒரு திண்டும் வைப்பார்கள். பலகை எத்தனையாவது துளையில் நின்றது, கைத்தாங்கி எந்த இலக்கத்தில் இருந்தது என்பதெல்லாம் நோயாளியின் தாளில் எழுதப்படும். மறுநாள் அதே இலக்கங்கள்.

இன்னொரு வகை வெற்றிடப் பை. உள்ளே சிறு நுரைமணிகள். நோயாளி அதன்மேல் படுத்ததும் காற்றை உறிஞ்சி எடுத்தால், அவருடைய முதுகின் பள்ளமேட்டைப் பிடித்தபடியே பை கல்லாய் இறுகிவிடும். சிகிச்சை முடியும்வரை அந்தப் பை அவருக்கே உரியது.

இடது மார்பு நோயாளரை ஆழமாக மூச்சிழுத்து நிறுத்தச் சொல்லிக் கதிர் கொடுக்கும் முறையும் உண்டு. சுவாசப்பை விரிய, இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகிக் கீழிறங்கும். இதற்கு மூச்சைக் கண்காணிக்கும் கருவியும், 20 விநாடியளவு மூச்சைப் பிடித்துவைக்கும் பழக்கமும் வேண்டும்.

மிஹ்ராப் பிழையும் மஃமூம் பிழையும்

இதை எனக்கு நானே விளங்கப்படுத்திக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒரு பள்ளிவாசல் கட்டும்போது மிஹ்ராபைக் கிப்லாவிலிருந்து விலக்கிக் கட்டிவிட்டால், அந்தப் பள்ளியில் தொழும் ஒவ்வொரு தொழுகையும் அதே பக்கம் விலகியிருக்கும். மிஹ்ராப் சரியாக இருந்து, தொழ வந்தவர் ஒரு நாள் கொஞ்சம் வலப்பக்கமும் இன்னொரு நாள் கொஞ்சம் இடப்பக்கமும் திரும்பி நின்றால், அது நாளுக்கு நாள் மாறும் சின்னப் பிழை.

கதிர்ச் சிகிச்சையிலும் இந்த இரண்டும் உண்டு. தினமும் மாறுகிற பிழைகள் 15 நாளில் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். தினமும் ஒரே பக்கம் விலகும் பிழை ஈடாகாது. கட்டியின் ஒரு ஓரம் 15 நாளும் கதிர் குறைந்தே கிடக்கும். நெதர்லாந்தில் வான் ஹெர்க் என்பவரும் அவரது குழுவினரும் 2000ஆம் ஆண்டு தந்த சூத்திரம், ஓரத்தைக் கணக்கிடும்போது நிலையான பிழையின் பரவலை 2.5 ஆலும், நாளாந்தப் பிழையின் பரவலை 0.7 ஆலும் பெருக்கிக் கூட்டச் சொல்கிறது. இரண்டும் 2 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 1.4, மொத்தம் 6.4 மில்லிமீற்றர். மிஹ்ராப் பிழையின் பாரம் மூன்றரை மடங்கு.

அந்த மிஹ்ராப் கட்டப்படும் நாள் ஸ்கேன் நாள்தான். இங்கேதான் ராத்தாவின் முதல் தவறு நடந்திருந்தது, கோட்டை அழித்ததற்கும் முன்னால். கமக்கட்டில் சத்திரசிகிச்சை செய்ததால் அவருக்குத் தோள் இறுகியிருந்தது. கையை உயர்த்தி வைத்தபோது உயிர் போகும் வலி. வெட்கத்திலும் பயத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அந்த இறுகிய தோளும் பிடித்த மூச்சும் ஸ்கேனில் பதிந்து, அதன்மேல் திட்டம் போடப்பட்டது. சிகிச்சை நாளில் பயம் தணிந்து தோள் இறங்கியிருந்தால், ஸ்கேனில் கண்ட உடம்பும் மேசையில் கிடக்கும் உடம்பும் இரண்டாகியிருக்கும்.

இரண்டாவது ஸ்கேனின்போது ராத்தாவுக்காக நான் வாய் திறந்தேன். கைத்தாங்கியை இரண்டு இலக்கம் இறக்கினார்கள். "இப்ப எப்பிடி?" "இப்பிடியெண்டா அரை மணித்தியாலமும் கிடப்பன்." அந்தக் கிடைதான் சரியான கிடை. ஸ்கேன் நாளில் வலியைப் பொறுத்துக்கொள்வது பொறுமையில் சேராது. தினமும் தளர்வாகக் கிடக்க முடிந்த நிலையை அன்றே சொல்லிப் பெற வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சொல்லித்தரும் தோள் பயிற்சியை விடாமல் செய்வதும் இதற்காகத்தான்.

"உதவி செய்யவேணாம்"

இனிக் கோட்டுக்கு வருவோம். ஸ்கேன் அறையிலும் சிகிச்சை அறையிலும் இரு பக்கச் சுவரிலிருந்தும் மேலிருந்தும் மெல்லிய லேசர் ஒளிக் கோடுகள் விழுகின்றன. அவை வெட்டும் இடம், கதிர் இயந்திரம் சுற்றிவரும் மையப் புள்ளி. ஸ்கேன் நாளில் அந்த ஒளி நோயாளியின் நெஞ்சிலும் இரு விலாவிலும் எங்கே விழுந்ததோ அங்கே அடையாளம் இடுகிறார்கள். சிகிச்சை நாளில் அடையாளத்தை ஒளியோடு மறுபடி பொருத்தினால் உடம்பு அதே இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஏன் மூன்று? நெஞ்சிலுள்ளது இட வலத்தைச் சொல்லும். இரு விலாவிலும் உள்ளவை ஒரே மட்டத்தில் ஒளியைத் தொட்டால் உடம்பு ஒரு பக்கம் உருளவில்லை என்று சொல்லும். ஒன்று அழிந்தாலும் கணக்குத் தப்பும். ராத்தா அழித்தது மூன்றையும்!

மொழி உதவிக்காக, ஆயத்தம் செய்யும் நேரத்தில் என்னை உள்ளே நிற்க விட்டார்கள். ராத்தா படுத்ததும் இரண்டு பேர் இரு பக்கமும் நின்று, கீழே விரித்த துணியைப் பிடித்து மெல்ல இழுத்து நகர்த்தினார்கள். ராத்தா நல்ல மனதோடு தானும் இடுப்பைத் தூக்கி நகர்ந்து கொடுத்தார். உடனே ஒரு ரேடியோகிராபர் தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மா, உதவி செய்யவேணாம். பாரமா இருங்க."

நோயாளி தானாக நகர்ந்தால் தசை இறுகும், தோல் ஒரு பக்கம் இழுபடும். அடையாளம் ஒளிக்கு வந்தாலும் உள்ளே எலும்பு வந்திராது. பாரமாகக் கிடந்தால் முழு உடம்பும் ஒன்றாக நகரும். கிடத்தலை விட்டுக் கிடத்துதலுக்குத் தன்னைக் கொடுப்பது அந்த மேசையில் நோயாளி செய்கிற பெரிய ஒத்துழைப்பு. குளிப்பாட்டுபவர் கையில் மையித்தைப்போல் இருக்க வேண்டும் என்று சூஃபிகள் முரீதுக்குச் சொல்வதுண்டு. எனக்கு அது நினைவில் வந்தும் நோயாளியின் முன் அந்தச் சொல்லைச் சொல்ல மனம் வரவில்லை. அன்று பின்னேரம் ராத்தாவே சிரித்துக்கொண்டு, "மையித்து மாதிரிக் கிடந்தன், கண்டியா?" என்றார். அந்த வருத்தம் வந்த பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

தோலைப் பொருத்திய பிறகும் உள்ளே சரிதானா என்று பார்க்க இயந்திரத்திலேயே படம் எடுப்பார்கள். சில இயந்திரங்கள் மேசையிலேயே முப்பரிமாண ஸ்கேன் எடுக்கும். முதல் ஸ்கேனோடு ஒப்பிட்டு, எத்தனை மில்லிமீற்றர் விலகல் என்று கண்டு மேசையை நகர்த்துவார்கள். எல்லா மேசையும் மேல்–கீழ், இட–வலம், தலை–கால் என்று மூன்று வழியில் நகரும். புதிய வகை மேசைகள் சில பாகை சரிந்தும் திரும்பியும் கொடுக்கும். ஆனால் மேசை நகர்த்துவது முழு உடம்பையும்தான். முதுகு வளைந்தோ ஒரு கை உயர்ந்தோ கிடந்தால் எந்த மேசையாலும் நிமிர்த்த இயலாது. எழுப்பி மறுபடி கிடத்தத்தான் வேண்டும். மூன்றாம் நாள் ராத்தாவை அப்படி எழுப்பினார்கள். ஏதோ கெட்ட செய்தி என்று பயந்துவிட்டார். உண்மையில் அது கவனத்தின் அடையாளம். கதிர் விழும் நேரம் ஓரிரு நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் கிடத்துவதற்கே போகிறது.

மை, பச்சை, மறைப்பு

நம் பெண்களை இந்த மேசையிலிருந்து தூர நிறுத்துகிற கேள்விகள் மூன்று. ராத்தாவுக்காக ஒரு மௌலவியிடம் கேட்டோம். அவர் சொன்னது இது. வுழூவின் உறுப்புகளில் நெஞ்சும் விலாவும் இல்லை; ஆகவே கோட்டுக்கும் வுழூவுக்கும் சம்பந்தமேயில்லை. கடமையான குளிப்பிலும், தோலில் படலமாகப் படியாத வெறும் நிறம், மருதோன்றி நிறத்தைப்போல, தண்ணீரைத் தடுக்காது. ராத்தா அன்று குளித்ததோ ஜும்ஆவுடைய சுன்னத்தான குளிப்பு! கோட்டின்மேல் ஒட்டுப் போட்டிருந்தால் காயக்கட்டுக்குரிய சலுகை உண்டு. புள்ளி குத்துவதும் அலங்காரத்துக்காக இல்லாமல், வைத்தியத் தேவைக்காக என்றால் தடையில் சேராது. ஐயம் உள்ளவர்கள் தங்கள் ஊர் உலமாவிடம் கேட்கட்டும். கேட்குமுன் தேய்த்துக் கழுவ வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மூன்றாவது, மறைப்பு. மேலாடையைக் கழற்றச் சொல்வது வீணுக்கல்ல. அடையாளம் தோலில் இருக்கிறது. தடித்த துணி இடையில் இருந்தால் கதிரின் உச்ச அளவு மேலே ஏறித் தோல் கூடுதலாகச் சுடும். ஆனாலும் அடையாளம் பொருத்தும்வரை மெல்லிய துணியால் மூடியிருக்கவும், மற்றப் பக்கத்தை மூடிவைக்கவும் கேட்கலாம். பெண் ரேடியோகிராபர் இருந்தால் அவரைத் தரும்படியும் கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை. கதிர் விழும்போது அறைக்குள் வேறு யாரும் நிற்கமாட்டார்கள், கெமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையை உயர்த்தினால் நிறுத்திவிட்டு ஓடிவருவார்கள்.

நோன்பு பற்றியும் ஒரு வார்த்தை. கருப்பைக் கழுத்து, புரொஸ்டேட் போன்ற இடுப்புப் பகுதிச் சிகிச்சையில், சொன்ன நேரத்தில் சொன்ன அளவு தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதுண்டு. சிறுநீர்ப்பை நிறைந்தால் குடலை மேலே தள்ளிக் கதிரிலிருந்து காக்கும்; உள்ளுறுப்புகளும் தினம் ஒரே இடத்தில் இருக்கும். வெளியே கோடு சரியாக இருந்து, உள்ளே பை காய்ந்து கிடந்தால் கிடத்தியதெல்லாம் வீண். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யும் சலுகையைக் குர்ஆனே தந்திருக்கிறது. சிகிச்சையின் இடையில் நாட்களை விடுவதும் நல்லதல்ல. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் முழுச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது வைத்திய நியதி. இழுபட்டால் பலன் குறையும்.

பதினைந்தாம் நாள் முடிந்து வந்ததும் ராத்தா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இனிக் கழுவலாமா?" டொக்டரிடம் கேட்டு, தோல் ஆறும்வரை தேய்க்காமல், வெறும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். கோடு மங்கி மறைய இரண்டு வாரம் சென்றது. அந்த இரண்டு வாரமும் அந்தக் கோட்டோடுதான் ஐந்து நேரமும் தொழுதார்.

இப்போது எங்கள் ஊரில் யாருக்காவது அந்த வருத்தம் என்று கேள்விப்பட்டால் ராத்தா தேடிப் போகிறார். கதிரைப் பற்றியோ கிரே பற்றியோ அவர் ஒன்றும் சொல்வதில்லை. "வலிச்சா முதல் நாளே சொல்லு. கோட்டைக் கழுவாத. அவங்க புடிச்சு நகத்தக்குள்ள நீ பாரமாக் கிட" என்கிறார். நான் இத்தனை பக்கத்தில் எழுதியதும் அதைத்தான்.